நெடுஞ்சாலையில் மின்னேற்றம்: 12 நிமிடமா, 51 நிமிடமா?

உங்கள் வீட்டு வாசலிலோ பக்கத்து வீட்டு வாசலிலோ இப்போது ஒரு மின்சாரக் கார் நிற்கக்கூடும். நகரத்துக்குள் ஓட்டும்வரை அதில் பெரிய சிக்கல் இல்லை. இரவில் வீட்டில் செருகி வைத்தால் காலையில் மின்கலம் நிறைந்திருக்கும். தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும்போதுதான் கேள்விகள் எழுகின்றன. வழியில் எங்கே மின்னேற்றுவது? எவ்வளவு நேரம் ஆகும்? முன்னால் நான்கு கார்கள் காத்திருந்தால் என்ன செய்வது?

பெட்ரோல் நிலையத்தில் நாம் யோசிப்பதில்லை. எந்தக் குழாயாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் எண்ணெய் ஊற்றும். பொது மின்னேற்ற நிலையம் அப்படியன்று. ஒரே சாதனத்தில் ஒருவர் 20 நிமிடத்தில் முடித்துக் கிளம்புவார். இன்னொருவர் ஒரு மணி நேரம் நிற்பார். இதற்கு அதிர்ஷ்டம் காரணமல்ல. பள்ளியில் படித்த மின்னியலே காரணம். அந்தப் பாடத்தை இந்த வாரம் சாலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

முதலில் இரண்டு அளவுகள்

மின்னேற்ற நிலையத்தில் நீங்கள் பார்க்கும் எண்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று கிலோவாட், மற்றொன்று கிலோவாட்-மணி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கிலோவாட் என்பது திறன். அதாவது மின்சாரம் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் காட்டும். குழாயில் தண்ணீர் வரும் வேகம் போன்றது இது. கிலோவாட்-மணி என்பது ஆற்றல். அதாவது மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைக் காட்டும். வாளியில் நிறைந்த தண்ணீரின் அளவு போன்றது அது. வீட்டு மின்கட்டண ரசீதில் ‘யூனிட்’ என்று வருவதும் இந்தக் கிலோவாட்-மணிதான்.

திறனை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும். 60 கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஏற்றினால் 60 கிலோவாட்-மணி. அதே வேகத்தில் ஒரு நிமிடம் ஏற்றினால் 1 கிலோவாட்-மணி. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மற்றக் கணக்குகளை வாய்க்கணக்காகவே போட்டுவிடலாம்.

ஏசி, டிசி: மாற்றி எங்கே இருக்கிறது?

மின்வாரியம் கம்பி வழியாக நமக்கு அனுப்புவது மாறுதிசை மின்னோட்டம், ஏசி என்கிறோம். மின்கலமோ நேர்திசை மின்னோட்டத்தை, அதாவது டிசியை மட்டுமே ஏற்கும். ஆகவே எங்கோ ஓர் இடத்தில் ஏசியை டிசியாக மாற்றியாக வேண்டும். அந்த மாற்றி எங்கே இருக்கிறது என்பதுதான் இருவகை நிலையங்களுக்கும் உள்ள வேறுபாடு.

ஏசி நிலையத்தில் மாற்றி காருக்குள் இருக்கிறது. காருக்குள் இடமும் எடையும் குறைவாக இருக்க வேண்டுமென்பதால் அந்த மாற்றியும் சிறியது; பல கார்களில் 7 அல்லது 11 கிலோவாட்தான். சுவரில் உள்ள சாதனம் 22 கிலோவாட் தரக்கூடியதாக இருந்தாலும், காரின் மாற்றி 7 கிலோவாட் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 7தான். பேரங்காடியில் ‘22 கிலோவாட்’ என்ற பலகையைப் பார்த்து வண்டியைச் செருகிவிட்டு, ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுவே.

இந்த எண்கள் எப்படி வருகின்றன? நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 32 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால் 230 × 32 = 7,360 வாட். இதைத்தான் 7 கிலோவாட் என்கிறார்கள். மும்முனை இணைப்பில் இதே போல் மூன்று கம்பிகள்: 3 × 7,360 = 22,080 வாட். அதுதான் 22 கிலோவாட்.

டிசி நிலையத்தில் மாற்றி வெளியே, ஓர் அலமாரி அளவுக்குப் பெரிதாக நிற்கிறது. அங்கிருந்து நேர்திசை மின்னோட்டம் காரின் சிறிய மாற்றியைத் தொடாமல் நேராக மின்கலத்துக்குப் போகிறது. அதனால்தான் 50, 120, 180 கிலோவாட் என்று பெரிய எண்கள் சாத்தியமாகின்றன. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நாம் தேடுவது இவற்றைத்தான்.

ஆனாலும் பலகையில் உள்ள எண் அப்படியே கிடைத்துவிடாது. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய தொகை. உங்கள் காரின் மின்கலம் சுமார் 400 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தின் கம்பி தாங்கும் உச்ச மின்னோட்டம் 200 ஆம்பியர் என்றால் 400 × 200 = 80,000 வாட். பலகை 120 என்று சொன்னாலும் உங்களுக்கு 80 கிலோவாட்தான். அதே கம்பியில் 800 வோல்ட் அமைப்புள்ள கார் வந்து செருகினால், மின்னழுத்தம் கூடுவதால் 120 முழுவதையும் பெறக்கூடும். இதைத் தவிர, இரண்டு கம்பிகள் உள்ள சில சாதனங்கள் தம் திறனைப் பங்கிட்டுக் கொடுக்கும். 180 கிலோவாட் சாதனத்தில் பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகியதும் ஆளுக்கு 90 என்று ஆகிவிடலாம்.

எந்தச் செருகி?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏசிக்கு ‘டைப் 2’ என்ற செருகியும், டிசிக்கு ‘சிசிஎஸ் 2’ என்ற செருகியும் பொதுவழக்கில் உள்ளன. டைப் 2 செருகியில் ஏழு துளைகள் இருக்கும். ஜெர்மனியின் மென்னகஸ் நிறுவனம் வடிவமைத்தது அது. சிசிஎஸ் 2 என்பது அதே வடிவத்தின் கீழே இரண்டு பெரிய துளைகளைச் சேர்த்தது. ஆகவே காரில் ஒரே ஒரு வாய் இருந்தால் போதும்; மேல்பாதியில் ஏசியும், கீழ்ப்பாதியில் டிசியும் ஏற்றலாம். பாலம் கடந்து ஜொகூர் பாருவுக்கு வரும் சிங்கப்பூர்க் காருக்கும் இங்கே செருகி பொருந்தும்.

பழைய நிசான் லீஃப் போன்ற சில ஜப்பானியக் கார்களில் டிசிக்கு ‘சாடெமோ’ என்ற வேறு செருகி இருக்கிறது. அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் வழியில் உள்ள நிலையத்தில் அந்தக் கம்பி உண்டா என்பதைக் கிளம்புமுன்பே செயலியில் பார்த்துக்கொள்வது நல்லது.

டிசி நிலையத்தில் கம்பி சாதனத்தோடு இணைந்தே இருக்கும். ஏசி நிலையங்கள் பலவற்றில் வெறும் வாய் மட்டும்தான் இருக்கும். கம்பியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கார் வாங்கும்போது கூடவே டைப் 2 கம்பி வந்ததா என்று ஒருமுறை சரக்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

செருகியதும் நடக்கும் உரையாடல்

மழையில் நனைந்தபடி செருகியைப் பிடித்தால் மின்சாரம் தாக்காதா? பலரின் அச்சம் இது. விடை, ஏழு துளைகளில் மிகச் சிறியவையான இரண்டில் இருக்கிறது.

அந்த இரண்டு முனைகளும் மின்சாரத்தைக் கொண்டு செல்வதில்லை; செய்தியைக் கொண்டு செல்கின்றன. ஒரு முனையில் நிலையம் 12 வோல்ட் அளவுள்ள மெல்லிய மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். காரைச் செருகியதும் காருக்குள் இருக்கும் ஒரு மின்தடை அதை 9 வோல்ட்டாகக் குறைக்கும். ‘நான் வந்துவிட்டேன்’ என்று அதற்குப் பொருள். கார் தயாரானதும் அது 6 வோல்ட்டாகும். ‘இப்போது அனுப்பலாம்’ என்று பொருள். அதற்குப் பிறகே நிலையம் தன் உள்சுவிட்சை மூடி உண்மையான மின்சாரத்தை அனுப்புகிறது.

எவ்வளவு அனுப்புவது என்பதையும் அதே கம்பியில் பேசி முடிக்கிறார்கள். அந்த மெல்லிய மின்னழுத்தம் நொடிக்கு 1,000 முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அது எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்துக் கார் புரிந்துகொள்ளும். 10 விழுக்காட்டு நேரம் நின்றால் 6 ஆம்பியர். ஏறக்குறைய 53 விழுக்காடு நின்றால் 32 ஆம்பியர். இன்னொரு சிறிய முனையில் உள்ள மின்தடை, அந்தக் கம்பி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைத் தெரிவிக்கும். நிலையம், கம்பி, கார் ஆகிய மூன்றில் எது குறைவோ அதன்படியே மின்னோட்டம் செல்லும்.

டிசியில் இந்த உரையாடல் இன்னும் நீளமானது. காரும் நிலையமும் இரண்டு கணினிகளைப் போலச் செய்தி பரிமாறிக்கொள்ளும். பிறகு நிலையம், கம்பியில் எங்காவது கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும். அதன்பின் தன் மின்னழுத்தத்தை மின்கலத்தின் அளவுக்குச் சமமாக்கும். எல்லாம் சரியென்றால்தான் காருக்குள் உள்ள பெரிய சுவிட்சுகள் மூடிக்கொள்ளும். செருகிய முதல் அரை நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றுவது இதனால்தான். பொறுமையிழந்து செருகியைப் பிடுங்கினால் உரையாடல் மறுபடியும் தொடக்கத்திலிருந்து நடக்கும்.

செருகியின் முனைகளிலும் ஒரு நுட்பம் உண்டு. செருகும்போது புவியிணைப்பு முனை முதலில் தொடும். செய்தி முனை கடைசியில் தொடும். கழற்றும்போது செய்தி முனை முதலில் விலகும். அது விலகியதும் மின்சாரம் நின்றுவிடும். ஆகவே வழக்கமான மழை உங்களுக்கு ஆபத்தில்லை.

80 விழுக்காட்டுக்குப் பிறகு ஏன் தவழ்கிறது?

டிசி நிலையத்தில் திரையைக் கவனித்திருந்தால் தெரியும். 20 விழுக்காட்டில் 75 கிலோவாட், 60 விழுக்காட்டில் 60 கிலோவாட், 85 விழுக்காட்டில் 30 கிலோவாட் என்று வேகம் இறங்கிக்கொண்டே வரும். எந்த எண் எப்போது வரும் என்பது காருக்குக் கார் மாறும். இறங்குவது மட்டும் மாறாது.

இதைப் பேருந்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். காலியான பேருந்தில் முதலில் ஏறும் 20 பேர் நொடியில் உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி 5 பேர் உள்ளே நடந்து, இடுக்கில் நுழைந்து, காலியான இருக்கையைத் தேட வேண்டும். லித்தியம் அயனிகளும் அப்படித்தான். மின்னேற்றும்போது அவை மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து இடம் பிடிக்கின்றன. இடம் குறையக் குறைய நுழைவது மெதுவாகிறது. அந்த நேரத்தில் அவசரப்பட்டுத் தள்ளினால், உள்ளே போக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அப்படிப் படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி மறுபடி பயன்படாது. மின்கலத்தின் ஆயுள் குறையும். மிகுந்தால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படவும் வழியுண்டு. எனவே காரின் கட்டுப்பாட்டுக் கணினியே முன்கூட்டி வேகத்தைக் குறைத்துவிடுகிறது. நிலையத்தின் மீது குற்றமில்லை.

வெப்பமும் ஒரு காரணம். கம்பியிலும் மின்கலத்திலும் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். நண்பகல் வெயிலில் நெடுந்தூரம் ஓட்டிவந்த காரை உடனே வேக மின்னேற்றத்தில் செருகினால், மின்கலத்தைக் குளிர்விக்கும் விசிறி உரக்கச் சத்தமிடுவது இயல்பே. சூடு அதிகமானால் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிழலான இடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஒரு கணக்கு

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். உங்கள் காரின் மின்கலம் 60 கிலோவாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். குடும்பம், பெட்டிகள், குளிர்சாதனம் ஆகிய அனைத்தோடும் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 18 கிலோவாட்-மணி செலவாகிறது. கோலாலம்பூரிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

முழுதாக நிறைத்துக் கிளம்பினாலும் 60-ஐ 18-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 333 கிலோமீட்டர்தான். ஆகவே வழியில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். தாப்பா அருகே நிற்கிறீர்கள். அதுவரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். செலவானது 27 கிலோவாட்-மணி. மீதி 33, அதாவது 55 விழுக்காடு.

மீதமுள்ள 200 கிலோமீட்டருக்குத் தேவை 36 கிலோவாட்-மணி. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டுக்கும், நெரிசலுக்கும், ஒரு நிலையம் பழுதாகிப் போனால் அடுத்ததைத் தேடுவதற்கும் 15 விழுக்காடு கையிருப்பு வேண்டும். அது 9 கிலோவாட்-மணி. மொத்தம் 45. கையில் இருப்பது 33. ஏற்ற வேண்டியது 12 கிலோவாட்-மணி மட்டுமே. சராசரி 60 கிலோவாட் வேகத்தில் 12 நிமிடம். பிள்ளைகள் கழிவறைக்குப் போய்வந்து, நீங்கள் ஒரு தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும்.

‘எதற்கும் இருக்கட்டும், நிறைத்துவிடுவோம்’ என்று நினைத்தால் என்ன ஆகும்? 55-லிருந்து 80 விழுக்காடு வரை 15 கிலோவாட்-மணி. அதற்கு 15 நிமிடம். 80-லிருந்து 100 வரை 12 கிலோவாட்-மணிதான். ஆனால் அங்கே சராசரி வேகம் 20 கிலோவாட் என்று கொண்டால் 36 நிமிடம். ஆக மொத்தம் 51 நிமிடம்.

இப்போது பெருநாள் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கம்பி. வரிசையில் நீங்கள் நான்காவது. முன்னால் உள்ள மூவரும் தேவைக்கு மட்டும் ஏற்றினால் நீங்கள் 36 நிமிடம் காத்திருப்பீர்கள். மூவரும் நிறைத்துவிட்டுப் போனால் 153 நிமிடம்; இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. புதிய நிலையம் ஒன்றுகூடக் கட்டாமல் வரிசையை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும் வழி இது.

நமது அரசாங்கத்தின் 2021-2030 குறைந்த கரிமப் போக்குவரத்துத் திட்டவரைவு, 2025-க்குள் 10,000 பொது மின்னேற்ற இடங்களை இலக்காக வைத்தது. அவற்றில் 9,000 ஏசி, 1,000 டிசி. சிங்கப்பூர் 2030-க்குள் 60,000 இடங்கள் என்று இலக்கு வைத்துள்ளது. எண்ணிக்கை உயர்வது நல்லதே. ஆனால் கார்களும் கூடவே பெருகுகின்றன. பயன்படுத்தும் முறை சரியாக இல்லாவிட்டால் எத்தனை நிலையம் இருந்தாலும் பெருநாளில் வரிசை நிற்கும்.

நிலையத்துக்குப் போகுமுன்

செயலிகளைக் கிளம்புவதற்கு முதல் நாளே இறக்கிக்கொள்ளுங்கள். ஜோம்சார்ஜ், ஜென்தாரி, சார்ஜ்ஈவி, டிஎன்பி எலெக்ட்ரான் என்று நிறுவனத்துக்கு ஒரு செயலி இருக்கிறது. உங்கள் பாதையில் எவை வருகின்றனவோ அவற்றில் பதிவு செய்து, பணம் செலுத்தும் வழியையும் இணைத்துவிடுங்கள். பேரங்காடிகளின் நிலவறை வாகன நிறுத்துமிடத்தில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காமல் போவது சாதாரணம். அங்கே நின்றுகொண்டு பதிவு செய்வது எளிதல்ல.

முதல் நிலையத்தோடு மாற்று நிலையம் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இந்த நிலையம் வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக என்னிடம் மின்சாரம் இருக்கிறதா?’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்த 15 விழுக்காட்டுக் கையிருப்பு இதற்காகத்தான்.

கையிருப்பு குறைந்துவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. 110-இல் செல்லும்போது காற்றைக் கிழிக்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் ஆற்றல், 90-இல் ஆவதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 90-க்கு இறங்கினால் குளிர்சாதனத்தை நிறுத்தாமலேயே கூடுதல் தூரம் கிடைக்கும்.

செருகினேன், ஆனால் தொடங்கவில்லை

முதலில் கார் நிறுத்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். செருகி முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். டிசி கம்பி கனமானது. கீழே தொங்கி இழுப்பதால் முனைகள் சரியாகத் தொடாமல் போகலாம். கையால் தாங்கிப் பிடித்து, கார் பூட்டிக்கொள்ளும் ஒலி கேட்கும்வரை அழுத்துங்கள்.

அடுத்து, செயலியில் நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணும் கம்பியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். பக்கத்துக் கம்பியைத் தவறாகத் தொடங்கிவிடுவது அடிக்கடி நடக்கும்.

மூன்றாவதாக, காரில் நேர அட்டவணை போட்டு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டில் நள்ளிரவுக்குப் பிறகு ஏற்றும்படி அமைத்திருந்தால், சில கார்கள் பொது ஏசி நிலையத்திலும் நள்ளிரவுக்காகவே காத்திருக்கும்.

இவை எல்லாம் சரியென்றால், செயலியில் நிறுத்தி, செருகியைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். அப்போதும் இல்லையென்றால் சாதனத்தில் ஒட்டியுள்ள உதவி எண்ணை அழையுங்கள். தொலைவிலிருந்தே அவர்கள் சாதனத்தை மறுதொடக்கம் செய்ய முடியும்.

முடிந்தபின் செருகி கழல மறுத்தால் பலமாக இழுக்காதீர்கள். மின்னேற்றம் நின்றுவிட்டதா என்று உறுதி செய்து, காரின் பூட்டைத் திறங்கள். பெரும்பாலும் செருகியின் பூட்டும் அதோடு திறக்கும். சில கார்களில் அவசரத்துக்கென்று கையால் இழுக்கும் ஒரு சிறு கயிறு இருக்கும். அது எங்கே என்று பயனர் கையேட்டில் முன்பே பார்த்து வையுங்கள். சாதனத்தில் உள்ள சிவப்புப் பொத்தான் புகை, தீப்பொறி, விபத்து போன்ற அவசரத்துக்கு மட்டுமே.

கட்டணத்திலும் கணிதம் உண்டு

சில நிலையங்கள் கிலோவாட்-மணிக்குக் கட்டணம் வாங்குகின்றன. சில நிமிடத்துக்கு வாங்குகின்றன. நிமிடக் கட்டணம் 1 ரிங்கிட் 20 சென் என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். 60 கிலோவாட் வேகத்தில் ஏறும்போது நிமிடத்துக்கு 1 கிலோவாட்-மணி கிடைக்கும். அதன் விலை 1 ரிங்கிட் 20 சென். 80 விழுக்காட்டைத் தாண்டி 20 கிலோவாட்டில் தவழும்போது, அதே 1 கிலோவாட்-மணிக்கு மூன்று நிமிடம் ஆகும். விலை 3 ரிங்கிட் 60 சென். மும்மடங்கு! ஆகவே நிமிடக் கணக்கு நிலையத்தில் 80-க்கு மேல் நிற்பது உங்கள் பணப்பைக்கும் நல்லதல்ல. மின்னேற்றம் முடிந்தபின்னும் காரை எடுக்காமல் இருந்தால் தனியே கட்டணம் போடும் நிலையங்களும் உண்டு. தொடங்குமுன் செயலியில் கட்டண விவரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பாட்டி வீட்டுப் பழைய பிளக்

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் பலர் செய்வது, தோட்டத்து வீட்டிலோ பழைய தாமான் வீட்டிலோ உள்ள மூன்று முனைப் பிளக்கில் காரைச் செருகுவது. 13 ஆம்பியர் பிளக்கில் உச்சமாக 230 × 13, அதாவது ஏறத்தாழ 3 கிலோவாட். தண்ணீர்க் கெண்டியும் கிட்டத்தட்ட இதே அளவை இழுக்கிறது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மட்டும். கார் பத்து மணி நேரத்துக்கும் மேல் நிற்காமல் இழுக்கும். பழைய கம்பியும், தளர்ந்த பிளக்கும், சுருட்டி வைத்த நீட்டிப்புக் கம்பியும் அந்தச் சூட்டைத் தாங்காமல் உருகித் தீப்பிடிக்கலாம். வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரம் வேறு. மின்கம்பியாளரிடம் சோதிக்காத பிளக்கில் காரைச் செருகாதீர்கள். பக்கத்து ஊர்ப் பேரங்காடியில் உள்ள ஏசி நிலையம் அதைவிடப் பாதுகாப்பானது.

பொது நிலையத்திலும் சில எச்சரிக்கைகள் உண்டு. கம்பியின் மேலுறை கிழிந்திருந்தாலோ செருகி உடைந்திருந்தாலோ தொடாமல் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தரையில் வெள்ளம் தேங்கியிருந்தால் மின்னேற்ற வேண்டாம். இடி மின்னலின்போது திறந்தவெளியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

வரிசையில் நிற்பவரின் இடத்திலிருந்து

மின்னேற்றம் முடிந்ததும் காரை நகர்த்துங்கள். சாப்பிடப் போனால் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைத் தரையில் போடாமல் அதன் கொக்கியில் மாட்டுங்கள். அடுத்து வருபவரின் சக்கரம் அதன்மேல் ஏறினால் நிலையமே முடங்கும். மற்றவர் காரிலிருந்து அனுமதியின்றிக் கம்பியைக் கழற்றாதீர்கள். மின்னேற்றாமல் அந்த இடத்தில் காரை நிறுத்தாதீர்கள்; பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

மேலே சொன்ன அதே 60 கிலோவாட்-மணிக் காரை வைத்து மூன்று கணக்குகள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. காரின் உள்மாற்றி 7 கிலோவாட். பேரங்காடியின் 22 கிலோவாட் ஏசி நிலையத்தில் 3 மணி நேரம் நிற்கிறது. 10 விழுக்காடு வெப்பமாக வீணாகிறது. எத்தனை கிலோமீட்டருக்கான மின்சாரம் சேர்ந்தது?

2. டிசி நிலையப் பலகை 150 கிலோவாட் என்கிறது. கம்பி தாங்குவது 250 ஆம்பியர். மின்கலம் 400 வோல்ட். நிலையத்திலிருந்து உச்சமாகக் கிடைக்கக்கூடியது எவ்வளவு?

3. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 330 கிலோமீட்டர் என்று கொள்வோம். 90 விழுக்காட்டோடு கிளம்புகிறீர்கள். 15 விழுக்காடு கையிருப்போடு போய்ச் சேர, வழியில் எவ்வளவு ஏற்ற வேண்டும்?

விடைகள்: முதலாவது, 7 × 3 = 21; அதில் 10 விழுக்காடு போக 18.9 கிலோவாட்-மணி, 105 கிலோமீட்டர் ஓடலாம். இரண்டாவது, 400 × 250 = 100 கிலோவாட்; உங்கள் கார் அதற்கும் குறைவாகவே ஏற்கும் என்றால் அந்தக் குறைந்த அளவுதான். மூன்றாவது, பயணத்துக்கு 59.4, கையிருப்புக்கு 9, மொத்தம் 68.4, கையில் இருப்பது 54, ஏற்ற வேண்டியது 14.4 கிலோவாட்-மணி. ஆயர் குரோ பக்கம், மின்கலம் பாதியளவாக இறங்கியபின் நின்றால் ஏறக்குறைய 15 நிமிடத்தில் முடிந்துவிடும். கிளம்பிய அரை மணி நேரத்தில், 80 விழுக்காடு இருக்கும்போதே நின்றால் அந்த 14.4 முழுவதற்கும் மின்கலத்தில் இடமே இருக்காது; ஏறுவதும் மெதுவாகவே ஏறும்.

அடுத்த பயணத்துக்குமுன் உங்கள் காரின் கையேட்டைத் திறந்து மூன்று எண்களை மட்டும் எழுதி வையுங்கள்: மின்கலத்தின் கொள்ளளவு, உள்மாற்றியின் கிலோவாட், டிசியில் ஏற்கும் உச்சக் கிலோவாட். இந்த மூன்றும் கையில் இருந்தால், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.